கை முளைத்த மதாம்

புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே, ஊசிக்கார வீதியில், தனசாமி மிசே வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்த வெண்கல மதாமுக்குக் கை முளைக்கத் தொடங்கியது ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு வீதியில் வேறு சேதிகளும் இருந்தன. குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது, தையல்கார சிங்காரத்தின் மருமகள் கோபித்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறிவிட்டாள், மீன்காரி கஸ்தூரியின் கூடையில் வெகுநாள் கழித்து வஞ்சிரம் வந்திருந்தது. ஆகவே கை முளைத்த சேதி வெளியே வந்திருந்தாலும் வரிசையில் கடைசியாகத்தான் நின்றிருக்கும், அதுவும் செசிலி அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டதால் அன்றைக்கு வரிசைக்கே வரவில்லை.

செசிலி, தனசாமி மிசேயின் மனைவி; மிசே என்றால் பிரெஞ்சில் ஐயா, மதாம் என்றால் அம்மா. மிசே பிரெஞ்சுப் பட்டாளத்தில் கணக்கெழுதிப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவரோடு திரும்பிய மற்ற பட்டாளத்துக்காரர்கள், ஊர்ப் பேச்சில் சொல்தாக்கள், மாடி கட்டினார்கள், கார் வாங்கினார்கள், சாயங்காலமானால் மொட்டைமாடியில் தம்ளரோடு உட்கார்ந்து பாரிஸைத் திட்டினார்கள். மிசே மட்டும் பழைய வெண்கலச் சிலைகளை வாங்கினார். காலில் தைத்த முள்ளைப் பிடுங்கும் பையன், தட்டு வீசப்போகிறவன், ஓநாயிடம் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகள், பாம்பு சுற்றிக்கொண்ட அப்பாவும் பிள்ளைகளும், அடிபட்டுச் சாய்ந்து கிடக்கும் வீரன் என்று கூடம் நிறைய நின்றார்கள், கிடந்தார்கள், நெளிந்தார்கள். எல்லாமே நகல். ரோமாபுரி, பாரிஸ் போன்ற ஊர்களின் அருங்காட்சியகத்தில் இருக்கிற பழைய சிலைகளைப் பார்த்து, நூறு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுப் பட்டறைகளில் சிறியதாக வார்த்தெடுத்தவை. அசல் ஒன்றுகூட மிசேயிடம் இல்லை, அசல் வேண்டுமென்ற ஆசையும் அவருக்கு இல்லை. அசலை எவன் வேண்டுமானாலும் விரும்புவான், நல்ல நகலை விரும்பத்தான் கண் வேண்டும் என்பார்.

சனிக்கிழமைதோறும் பழைய வேட்டியைக் கிழித்த துணியால் இவர்கள் எல்லோரையும் துடைப்பது செசிலியின் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருதரம், வீட்டில் வெண்கலம் இருந்தால் வேறு எப்படித் துலக்குவார்கள் என்று, கட்டிப்பிடித்துச் சண்டை போடும் மல்லர்கள் இருவரையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்துவிட்டாள். 'பத்தீன்' என்று மிசே சொல்கிற அந்தக் கரும்பழுப்பு மேல்நிறம், நூறு வருஷம் உட்கார்ந்து பிடித்த நிறம், சாக்கடையோடு போயிற்று. மிசே சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார், ஒரு மழைக்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் கை அந்தச் சிலைகளின்மேல் அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி மட்டும்தான் நகர்ந்தது.

சிலைகளிலேயே மிசேயின் உயிர் இருந்தது கையில்லாத மதாமிடம். மேடையோடு சேர்த்து மார்பளவு உயரம், இடுப்பிலிருந்து நழுவப் பார்க்கும் துணி, சற்றே திரும்பிய முகம், இரண்டு தோளிலும் கை அறுந்த இடம். அசல் மதாம், கல்லில் செதுக்கியவள், ஒரு கிரேக்கத் தீவில் எவனோ குடியானவன் நிலத்தைக் கொத்தும்போது அகப்பட்டவள்; அகப்பட்டபோதே கையில்லை, அந்தக் கைகள் என்ன பிடித்திருந்தன என்று படித்தவர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள், ஆப்பிள் என்கிறார் ஒருவர், கண்ணாடி என்கிறார் இன்னொருவர். வீட்டுக்கு வருகிறவர்களை மிசே வெண்கல மதாமின் தோளண்டை கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்வார். "ஒடைஞ்சதுன்னு நெனைக்காதீங்க. ஒடைஞ்ச மாதிரியே வார்த்திருக்கான். கல்லுல இருக்கிற ஒவ்வொரு பிசிறும் இங்க அப்படியே இருக்கு பாருங்க. இவளுக்குக் கை இருந்ததே கெடையாது." இதைச் சொல்லும்போது அவர் குரல் குழையும். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். செசிலி உள்ளே போய்விடுவாள், ஏனென்றால் அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்காது, ஏன் பிடிக்காது என்று கேட்டால் சொல்லவும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை வலது தோளில் துணி எதிலோ மாட்டியது. மெழுகு கட்டியிருக்கிறது என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை. குனிந்து பார்த்தால், அறுந்த இடத்துப் பிசிறெல்லாம் உள்ளே மடங்கி, அரிநெல்லி அளவுக்கு ஒரு மொக்கு. செசிலி திடுக்கிடவில்லை. தொட்டிச் செடியில் தளிர் கண்டதுபோல 'அட' என்றாள், மற்ற சிலைகளைத் துடைத்து முடித்தாள், சமையல்கட்டுக்குப் போய் ரசத்துக்குத் தாளித்தாள். ஆனால் அன்று பகல் முழுக்க உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. கடுகு டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள், கூடத்தை எட்டிப் பார்த்தாள், மறுபடி போனாள்.

மிசேயின் கண்ணுக்குத் தப்ப வழியே இல்லை. அடுத்த வாரத்தில் மொக்கு இரண்டு பக்கமும் முழங்கையளவு இறங்கியிருந்தது. அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், ஒட்டு இருக்கிறதா என்று விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். ஒட்டே இல்லை, உடம்பு எந்த வார்ப்போ கையும் அந்த வார்ப்பு, நிறம்கூட அதே கரும்பழுப்பு.

"என்ன தடவின இவளுக்கு?" என்றார்.

"நான் என்ன தடவறது. தொடைக்கிற துணியாலதான் தொடைச்சேன்."

"கை வருது."

"வருதுங்க. போன சனிக்கெழமையே பார்த்தேன்."

"சொல்லவேயில்லையே நீ!"

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னு நெனைச்சேன்" என்றாள் செசிலி. சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கை வளரவேண்டும் என்று தான் எவ்வளவு ஆசைப்படுகிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

ஜன்னலைச் சாத்தி வைத்தார் மிசே, ஆனால் ஊசிக்கார வீதியில் ஜன்னல் சாத்தியிருந்தால் அதுவே ஒரு சேதி. கஸ்தூரி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கதவிடுக்கில் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு அமலோர் பார்த்தாள், சிங்காரம் பார்த்தார், ஊர் பார்த்தது. யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. "இத்தினி நாளா கையில்லாம எப்படித்தான் நின்னாளோ, பாவம்" என்றாள் கஸ்தூரி. அமலோர் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தாள்; அவர் மதாமை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கை முளைப்பதில் திருச்சபைக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை, மேலுக்கு ஒரு துணி முளைத்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார். வளையல்கார காதர் பாய் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, இரண்டு கையிலும் மணிக்கட்டு வந்தாயிற்றா என்று பார்த்து, வந்தாயிற்று, பெண்பிள்ளை கை வெறுமனே இருக்கக் கூடாது என்று குழந்தை அளவில் பச்சைக் கண்ணாடி வளையல்களை ஏற்றினார். விரல்கள் இன்னும் வராததால் அவை வழுக்கி வழுக்கி விழுந்தன. விழுந்து உடைந்ததை அவரே குனிந்து பொறுக்கினார்.

சேதி வெளியே போன நாளிலிருந்து வீதியில் எல்லோர் கையும் பரபரக்கத் தொடங்கியது, இதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் மதாமின் கையைவிட வீதியைப் பாடாய்ப் படுத்தியது அதுதான். சிங்காரம் ஒருவர் கால்சட்டைக்கு வெட்டிய துணியை இன்னொருவர் சட்டையாகத் தைத்துவிட்டார், அதை வாங்கிக்கொண்டவரும் அளவு சரியாக இருக்கிறது என்று போட்டுக்கொண்டு போனார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எதிர் வாசலில் நின்று பேசினார்கள், வீதி முழுக்கப் பொங்கிக் கருகிய வாடை. சீட்டாடுகிறவர்கள் சீட்டைப் பிரித்துக்கொண்டே இருந்தார்கள், ஆடவில்லை. தூங்குகிறவர்களின் விரல்கள்கூடப் போர்வையைச் சுருட்டி விரித்துச் சுருட்டின. ஒன்றைப் பிடிக்கவேண்டும், எதை என்று தெரியவில்லை, தெரியாததால் பிடித்ததையெல்லாம் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்கள். அந்த நாட்களில் ஊசிக்கார வீதியில் கீழே விழாத பாத்திரம் இல்லை.

மதாம் எதைப் பிடிக்கப்போகிறாள் என்பதுதான் பேச்சு. வலது கை மெல்ல வளைந்து இடுப்புத் துணிப் பக்கமாய்ப் போயிற்று. அதைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை, நழுவுகிற துணியைப் பிடிப்பாள், எந்தப் பெண்பிள்ளையும் அதைத்தான் செய்வாள். இடது கைதான் நேரே முன்னால் நீண்டு, முழங்கையில் மடங்கி, வெறும் காற்றில் எதையோ தேடியபடி வளர்ந்தது. குழந்தை என்றாள் கஸ்தூரி, அவளுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள், மூன்றும் வீட்டில் தங்குவதில்லை. ஜெபமாலை என்றாள் அமலோர். கோபித்துக்கொண்டு போகிறவளின் முந்தானை என்றார் சிங்காரம், சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். காதர் பாய் மட்டும், இன்னொரு கையைப் பிடிக்கும் பாருங்கள், கை என்றால் கையைத்தான் தேடும் என்றார். அவரவர் வீட்டில் எது இல்லையோ அதை மதாமின் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள்.

"நீ இன்னாக்கா சொல்ற? நீதானே வூட்டுக்காரி" என்று செசிலியைக் கேட்டாள் கஸ்தூரி, வாசலில் மீன் ஆய்ந்தபடி.

தெறித்து விழுந்த செதில் ஒன்றைச் செசிலி காலால் ஒதுக்கினாள். "எதையும் பிடிக்க வேணாம் கஸ்தூரி" என்றாள்.

"அதுக்கு எதுக்குக் கை?"

"சும்மா இருக்கத்தான்."

கஸ்தூரி சிரித்தாள். செசிலி சிரிக்கவில்லை. தன் கை எதையும் பிடிக்காமல் இருந்த ஒரு பொழுதை அவள் நினைத்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை. கல்யாணத்தன்று பூங்கொத்தைப் பிடித்தது, அப்புறம் மாமியாரின் மருந்துக் குப்பியை, மாமனாரின் கைத்தடியை, மிசே சிலையின் அடியில் பட்டறை முத்திரையைத் தேடும்போது டார்ச்சை, பிறகு துடைக்கிற துணியை, துணியை, துணியை. யாரும் அவளை அடித்ததில்லை, யாரும் அவளைப் பட்டினி போட்டதில்லை. இவளுக்கென்று ஒரு கை இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை. இப்போது, நூறு வருஷம் கையே இல்லாமல் நின்ற ஒருத்திக்கு, யாரும் கேட்காமல், யாரும் ஏவாமல், தானாகவே இரண்டு கை வருகிறது. அது முழுசாய் வந்து வெறுமனே நிற்பதை ஒருதரம் பார்த்துவிட வேண்டும், பார்க்காமல் செத்துப்போனால் அந்தச் சாவு நல்ல சாவாக இருக்காது என்று செசிலி நினைத்தாள்.

மிசே வேறு ஒன்றுக்காகத் தவித்துக்கொண்டிருந்தார். கடற்கரைப் பக்கத்து வீதிகளில் ஒன்றில் இருந்த கலைக்கூடம் அவருடைய சிலைகளைக் கண்காட்சியாக வைக்கச் சம்மதித்திருந்தது. தேர்ந்தெடுக்க, நகல் வெண்கலங்களிலேயே ஊறிய லுசியேன் என்ற அம்மாள் பாரிஸிலிருந்து வருகிறாள், வருகிற வியாழக்கிழமை காலை. ஆயுசு முழுக்க மிசே எதிர்பார்த்த நாள் அது. மாடி கட்டிய சொல்தாக்கள் எல்லாம், தனசாமி பழைய இரும்புக் கடை வைக்கப்போகிறானா என்று கேட்டுச் சிரித்த அத்தனை வருஷத்துக்கும் அது பதில். நடுநாயகமாக நிற்கவேண்டியவள் மதாம். கையோடு நின்றால், வாங்கினவன் ஏமாந்த சோணகிரி, எவனோ ஒட்டுப்போட்ட பொம்மையைத் தலையில் கட்டிவிட்டான் என்று பேசுவார்கள்.

செவ்வாய்க்கிழமை இரும்புச் சாமான் கடையிலிருந்து ஹேக்சா பிளேடு வாங்கி வந்தார்.

"அறுக்கப்போறீங்களா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"இன்னும் வெரல் விரியலீங்க. விரியட்டும். ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

"வியாழக்கெழமை வர்றாங்க செசிலி. இவ இப்படி நின்னா நகல்னு எப்படிச் சொல்றது? அசல்ல கை இல்ல."

"இவளுக்கு இருக்கே!"

"இருக்கக் கூடாது" என்றார் மிசே. கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். செசிலி பிளேடைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அவர் புதன்கிழமை இன்னொன்று வாங்கி வந்தார். கடைக்காரரும் இந்த வீதிக்காரர்தான், பிளேடைத் தரமாட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு, கை பரபரத்துத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை விடிந்து வாசல் தெளிக்கிற நேரத்துக்கு மிசே ஆரம்பித்தார். முதலில் வலது கை, தோளுக்குக் கீழே, பழைய பிசிறு இருந்திருக்க வேண்டிய இடத்தில். வெண்கலம் அவ்வளவு சுலபமாக வழிவிடாது. பிளேடு கிறீச்சிட்டது, வழுக்கியது, மேல்நிறத்தைக் கீறியது, அந்தக் கீறலைப் பார்த்து அவரே 'ஐயோ' என்றார், மறுபடி அறுத்தார். சத்தம் வீதி நெடுகக் கேட்டது. பல்லில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கொப்பளிக்காமல் அப்படியே நின்றார்கள். செசிலி கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, அவள் பிடித்ததிலேயே அது ஒன்றுதான் கெட்டியாக இருந்தது, பார்த்தபடி நின்றாள். அவரைத் தள்ளிவிடலாம், கத்தலாம், ஊரைக் கூப்பிடலாம், ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் காலைக் கட்டிப் போட்டிருந்தது, அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அறுக்கிறவனுக்கு ஊன்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். மிசே இடது கையை எங்கே ஊன்றலாம் என்று தேடினார். சிலையின் தலையைப் பிடிக்க அவருக்கு மனசு வராது, முகத்தில் விரல் பட்டால் வியர்வை உப்பு நிறத்தைத் தின்றுவிடும். ஆகவே வசதியாக முன்னால் நீண்டிருந்த மதாமின் இடது உள்ளங்கையிலேயே தன் மணிக்கட்டை வைத்து ஊன்றிக்கொண்டார். சிலையைத் தொடுவதில் அத்தனை பத்திரமான ஆள், யாரை அறுக்கிறாரோ அவளிடமே கையைக் கொடுத்துவிட்டு அறுத்தார். வெயில் கூடத்துக்குள் ஏறியது. இதுவரைக்கும் எப்படி வளர்ந்தனவோ அப்படியே, அவசரமில்லாமல், சத்தமில்லாமல், விரல்கள் வளர்ந்தன, வளர்ந்தபடியே மடங்கின. கோடு ஆழமாவதற்குள் மிசே நெற்றியைத் துடைக்கக் கையை எடுக்கப் பார்த்தார், கை வரவில்லை.

பிளேடு கீழே விழுந்தது.

கதவு திறந்திருந்ததா, திறந்தார்களா தெரியவில்லை, வீதி முழுக்க உள்ளே வந்துவிட்டது. எல்லோர் கையும் ஒரே நேரத்தில் அமைதியானதை எல்லோரும் உணர்ந்தார்கள். "இதுக்குத்தானா?" என்றாள் கஸ்தூரி, ஏமாந்த குரலில். காதர் பாய் "நான் சொன்னேனே, கை கையைத்தான் தேடும்" என்று ஆரம்பித்து, மிசேயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சோப்பு போடலாம் என்றார்கள், எண்ணெய் விடலாம் என்றார்கள், வெந்நீர் என்றார்கள், ஆனால் யாரும் பக்கத்தில் போகவில்லை. அடுத்தவர் வீட்டுக் கைப்பிடிப்பில் எப்படித் தலையிடுவது?

பாரிஸ்கார அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். வெயிலில் சிவந்த மூக்கு, தோளில் பை, மரியாதையான சிரிப்பு. மிசே மேடைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தபடியே, ஒரு கையை மதாமிடம் விட்டுவிட்டு, இன்னொரு கையை நீட்டிப் 'பொன்ழூர்' சொன்னார். அவள் அவருடைய கையைக் குலுக்கினாள், பிறகு வெகு நேரம் சிலைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முள்ளெடுக்கும் பையனுக்குப் புருவத்தை உயர்த்தினாள், பாம்புக்காரர் குடும்பத்துக்கு நாக்கால் 'ச்ச்' கொட்டினாள், மதாமிடம் வந்தபோது மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் சொன்னதை வீதிக்கு மிசேதான் மொழிபெயர்த்தார், குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. "ரொம்ப அழகா இருக்காளாம். ஆனா இவளை நகல்னு எழுத முடியாதாம். நகலா இல்லைன்னா கண்காட்சியில வெக்க முடியாதாம். மத்ததையெல்லாம் எடுத்துக்கறாங்களாம்." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், எல்லோருக்கும் தலையசைத்தாள், வெளியே நின்ற காரில் ஏறிப் போனாள். பின்னாலேயே வீதியும் ஒவ்வொருவராக, அவரவர் பொங்கிய பாலையும் வெட்டின துணியையும் பார்க்கக் கலைந்தது.

கூடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"செசிலி" என்றார் மிசே. "இங்க வாயேன். தொட்டுப் பாரு. இவ கை சூடா இருக்கு."

அவள் வரவில்லை.

"விடமாட்டேங்கறா." அவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை. முகத்தில் அவள் பார்த்தேயிராத ஒரு நிம்மதி இருந்தது, தூங்கிப்போன குழந்தையின் முகத்தில் இருக்கிற மாதிரி. கண்காட்சிக்கு நடுநாயகம் இல்லாமல் போய்விட்டது, அது அவருக்கு நினைவிலேயே இல்லை. "இருக்கட்டும். இப்படியே கொஞ்ச நேரம் இருந்துக்கறேன். யாரும் என்னை இப்படிப் பிடிச்சதில்ல."

அப்போதுதான் செசிலிக்கு வந்தது கோபம். தூணை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து வந்தாள், வந்து நின்றது அவருக்கு எதிரில் இல்லை, மதாமுக்கு எதிரில். "ஏண்டி" என்றாள். "நூறு வருஷம் கையில்லாம நின்னியே. யாரும் கேக்காம, யாரும் குடுக்காம நீயா வளர்த்துக்கிட்டியே. ஊரே பார்த்துக்கிட்டு நின்னுதே. நான் சாப்பிடாம தூங்காம உன்னைப் பார்த்துக்கிட்டு இருந்தேனே. கடைசியில பிடிக்கறதுக்கு உனக்கு இந்த ஆளுதானா கெடைச்சாரு?" கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "உன்னை அறுத்தவருடி."

மதாம் தன் வழக்கப்படி சற்றே திரும்பிய முகத்தோடு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். வலது தோளுக்குக் கீழே பிளேடு போட்ட கோடு புது வெண்கலத்தின் மஞ்சளில் மின்னியது.

செசிலி குனிந்து அந்தப் பிடியைப் பார்த்தாள். ஒரு பெண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிகிற விஷயம்தான். விரல் நுனிகள் ஒன்றோடொன்று சேரவில்லை, வளையம் தளர்வாகத்தான் இருந்தது, சின்ன வளையலைக் கழற்றுகிற அளவுக்கு இடம் இருந்தது. இவர் இழுத்திருக்கிறார், முறுக்கியிருக்கிறார், மடக்கிப் பார்க்க மட்டும் இவருக்குத் தோன்றவில்லை, ஆயுசில் வளையல் போட்டிருந்தால்தானே.

"கட்டைவெரலை உள்ள மடக்குங்க."

"வேணாம் செசிலி. இருக்கட்டும்."

"மடக்குங்க."

அவர் மடக்கவில்லை. அவளே அவருடைய கையைப் பிடித்தாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள், மற்ற நாலு விரலையும் ஒன்றாய்ச் சேர்த்துக் குவித்தாள், லேசாக ஒரு திருப்பு, லேசாக ஓர் இழுப்பு, தோல் சற்றுச் சிராய்த்துக் கை வெளியே வந்தது. மிசே சின்னதாய் ஒரு சத்தம் போட்டார், வலியினால் அல்ல. செசிலி அந்தக் கையை அவருடைய மடியிலேயே கொண்டுபோய் வைத்தாள், அவருடைய பொருளை அவரிடமே திருப்பிக் கொடுக்கிற மாதிரி வைத்தாள், வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள். "இனிமே நீ இவரைப் பிடிக்க வேணாம்" என்று மதாமிடம் சொன்னாள். "நானும் பிடிக்கல."

பகல் ஏற ஏற மதாமின் விரல்கள் பிரிந்தன. அவசரமில்லாமல், முதலில் சுண்டுவிரல், அப்புறம் மோதிரவிரல், ஒவ்வொன்றாக. வெறும் உள்ளங்கை, அதற்குள் கொஞ்சம் வெயில், வேறொன்றும் இல்லை. செசிலி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். முதலில் அவை என்ன செய்வது என்று தெரியாமல் துடித்தன, விரல்கள் புடவை நுனியைத் தேடின. அவள் விடவில்லை. மெல்ல மெல்ல அடங்கின.

மிசே முக்காலியில் கொஞ்ச நேரம் இருந்தார். எழுந்தார், ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார். முள்ளெடுக்கும் பையனின் முதுகைத் தடவினார், அதிலும் மனம் ஒட்டவில்லை. சிராய்த்த மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துப் பார்த்தார், விட்டுவிட்டார்.

"காபி போடலியா?" என்றார்.

செசிலி எழுந்திருக்கவில்லை. கோபமெல்லாம் போய்விட்டிருந்தது, அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் இவளைப் பார்த்தார், மதாமைப் பார்த்தார், மறுபடி இவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சமையல்கட்டுப் பக்கம் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தீக்குச்சி ஒன்று உடைந்தது, இன்னொன்று பற்றியது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் வந்தது.

"சர்க்கரை எங்க இருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

கூடத்திலிருந்த இருவரின் உள்ளங்கையிலும் வெயில் மட்டும்தான் இருந்தது.